ஸ்ப்ரே பெயின்ட் விண்வெளி: நிஜம் எங்கிருந்து வருகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து விண்வெளி வரைந்தேன். நாலு ஸ்ப்ரே டின், ஒரு டிபன் டப்பா மூடி, பழைய வார இதழ் ஒன்று, மூக்குக்கு மாஸ்க். பிறை வடிவத்தில் ஒரு கோள், பின்னால் நீலப் புகை, வானம் நிறைய நட்சத்திரம். பெருமையாக ஹாலில் மாட்டினேன். ஏழாவது படிக்கும் அக்கா மகன் வந்து ஒரு நிமிஷம் பார்த்தான்.

"மாமா, பிறையோட இருட்டுப் பக்கத்துல எப்படி நட்சத்திரம் தெரியுது? அதை அந்தக் கோளே மறைச்சிருக்குமே?"

என்னிடம் பதில் இல்லை. படத்தைக் கழற்றிவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. இந்த ஓவியங்களில் எது தானாகவே நிஜம் போல வருகிறது, எதை நாம் யோசித்துச் செய்ய வேண்டும்?

1980களில் மெக்சிகோ நகரத் தெருக்களில் பிரபலமான கலை இது. சில நிமிடங்களில் ஒரு படம் முடிந்துவிடும். தூரிகையே கிடையாது. அப்படியிருந்தும் கோளின் மேற்பரப்பு அவ்வளவு நுணுக்கமாகத் தெரிவது எப்படி?

வேலையைச் செய்வது காகிதம்தான். ஈரப் பெயின்ட் மேல் வழவழப்பான தாளை ஒட்டி மெதுவாக உரித்தால், ஓரங்களிலிருந்து காற்று உள்ளே நுழைகிறது. மெல்லிய காற்று கெட்டியான பெயின்டைத் தள்ளும்போது அந்த எல்லை நேராக நிற்காது, விரல் விரலாகப் பிரிந்து கிளை விடும். சாஃப்மன், டெய்லர் என்ற இருவர் 1958இல் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார்கள். கோள்களின் தரை இப்படி உருவாவதில்லை. ஆனாலும் பெரிய கிளை, அதில் சின்னக் கிளை, அதிலும் சின்னது என்று போவதைக் கண் இயற்கையாக ஏற்றுக்கொள்கிறது.

நட்சத்திரமும் அப்படியே. நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? ரேண்டம் எண்களை வைத்து ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள் போடும் நிரல் ஒன்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு; சல்லடை மாதிரி இருந்தது. வெள்ளைப் பெயின்டில் விரலைத் தொட்டுச் சுண்டினால் பொடித்துளிகள் நிறைய விழும், பெரிய துளிகள் சில மட்டும். வானமும் ஏறக்குறைய அப்படித்தான்: வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில், பிரகாசம் ஒரு படி குறையக் குறைய எண்ணிக்கை சுமார் மூன்று மடங்கு கூடுகிறது. நிரலிலும் அந்த விகிதத்தைக் கொடுத்த பிறகுதான் அது வானம் மாதிரி ஆனது.

ஆக, சொரசொரப்பையும் சிதறலையும் பெயின்ட் தானே பார்த்துக்கொள்கிறது. ஒளியை அது பார்த்துக்கொள்ளாது. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கணினி வரைகலையில் பழைய முறை ஒன்று உண்டு: தூரத்தில் இருப்பதை முதலில் வரை, பக்கத்தில் இருப்பதை அதன் மேல் வரை. ஸ்ப்ரே கலைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்னால் இருக்கும் கோளை முதலில் முடித்து, மூடியால் மறைத்து, அதற்கப்புறம்தான் வானமும் நட்சத்திரமும். நான் மூடியை அவசரப்பட்டு எடுத்துவிட்டு, கடைசியில் நட்சத்திரம் சுண்டினேன். கோளுக்குள்ளும் விழாமல் என்ன செய்யும்?

இன்னொரு தப்பை அவன் கவனிக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து மீதியைப் பளிச்சென்று அடித்து அந்தப் பிறையை உண்டாக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் கொம்புகள் பாதி வட்டத்தைத் தாண்டி வளைந்துவிடும். நிஜப் பிறையில் கொம்பு நுனிகள் இரண்டும் சரியாக ஒரு விட்டத்தின் இரு முனைகளில் நிற்கும். உள் விளிம்பு வட்டம் இல்லை, பாதி நீள்வட்டம். நான் வரைந்தது பிறையே இல்லை, சூரிய கிரகணம்! மூடியின் விளிம்பை நம்பாமல், இருட்டுப் பக்கத்திலிருந்து கறுப்பை மெல்லத் தூவுவதுதான் வழி. படத்தில் எத்தனை கோள் இருந்தாலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வர வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் நிஜம் ஆகிவிடுமா? செஸ்லி போன்ஸ்டெல் 1944இல் டைட்டனிலிருந்து தெரியும் சனிக் கோளை வரைந்தார். புகைப்படமோ என்று நினைக்க வைக்கும் படம். நீல வானத்தில் பிறையாகச் சனி. 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கியபோது தெரிந்தது ஆரஞ்சு மூட்டம்தான். ஒளியின் கணக்கில் அவர் தவறவில்லை, காற்றைப் பற்றிய தகவல்தான் அன்றைக்கு இல்லை. அந்தத் தப்பை மன்னிக்கலாம். பிறைக்குள் நட்சத்திரம் வைத்த என் தப்பு அந்த ரகம் இல்லை. எனக்குத் தெரிந்ததுதான், யோசிக்கவில்லை.

போன வாரம் இரண்டாவது படம் போட்டேன். இந்த முறை வளையத்தோடு ஒரு கோள், வெளிச்சம் இடது பக்கமிருந்து. மூடியைக் கடைசி வரை எடுக்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா இருக்கு மாமா. ஆனா கோளோட நிழல் வளையத்து மேல விழணும்ல?"

விழணும். 1980 நவம்பரில் சனியைக் கடந்துபோன வாயேஜர் 1 திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில், அந்த நிழல் வளையத்தை வெட்டினாற்போல் தெரிகிறது. மூன்றாவது அட்டை வாங்கியாகிவிட்டது.