ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு எந்த ஸ்கீ?

தொண்ணூற்றொன்பது வயதில் ஒரு மனிதர் என்ன செய்துகொண்டிருப்பார்? சாய்வு நாற்காலி, வெந்நீர், பேரன் பேத்திகளிடம் பழங்கதை... ஆனால் ஜப்பானைச் சேர்ந்த கெய்சோ மியூரா 2003ல் ஆல்ப்ஸ் மலைக்குப் போய், மோன் பிளாங்க் பகுதியில் இருக்கும் வாலே பிளான்ஷ் பனியாற்றில் ஸ்கீ மாட்டிக்கொண்டு சறுக்கியே இறங்கினார்! மகன் யூச்சிரோ மட்டும் லேசுப்பட்டவரா? 2013ல், தன் எண்பதாவது வயதில், எவரெஸ்ட் உச்சியில் போய் நின்றார்.

'அதெல்லாம் அவங்க உடம்புவாகு. நமக்கு எங்கே...' என்று பெருமூச்சு விடாதீர்கள். 1980களில் சுவிட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்த நம்மவர்கள் இப்போது ஐம்பது, அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் பழகியவர்கள். அவர்களைப் பார்த்துத் தாங்களும் கற்றுக்கொண்ட அப்பா, அம்மாக்கள் இருக்கிறார்கள். நீங்களும் அதில் ஒருவர் என்றால், 'இன்னும் எத்தனை வருஷம் முடியும்?' என்ற கேள்வி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மனசுக்குள் எட்டிப் பார்க்கும், இல்லையா?

ஒரு நல்ல சேதி. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அறுபதைத் தாண்டியவர்களை 12 வாரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். 2011ல் முடிவுகள் வெளியாயின. கால் தசையின் பலமும் மூச்சுத் திறனும் கூடியிருந்தன! ஆக, வயது தடையில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் மட்டும் மலையேறுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். வருஷம் பூரா உட்கார்ந்தே இருந்துவிட்டு, முதல் நாளே வேகம் காட்டுவது இதயத்துக்கு ஆகாது.

சரி, அப்படியானால் தொல்லை எங்கே வருகிறது? உடம்புக்கு அறுபது வயது, காலில் மாட்டியிருக்கும் ஸ்கீயோ நாற்பது வயதுக்காரனுக்காக வாங்கியது! தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

நீளம் பெருமை இல்லை

அந்தக் காலத்தில் இரண்டு மீட்டர் ஸ்கீ வைத்திருப்பது ஒரு கௌரவம். நேரான, நீளமான பலகை. அதைத் திருப்புவதற்குத் தொடையில் நல்ல பலம் வேணும். 1990களில்தான் நிலைமை மாறியது. ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி, முனையும் வாலும் அகலமாக, இடுப்பு ஒடுங்கி, வளைவான ஸ்கீயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் சாய்த்தால் போதும், அதுவே வளைந்து திரும்பிக்கொள்ளும். இன்றைக்குக் கடையில் இருப்பதெல்லாம் அந்த வம்சம்தான்.

இதில் 'ஆல்-மவுன்டன்' என்று ஒரு ரகம். இயந்திரம் வைத்துச் சீராக்கிய பாதை, ஓரத்துப் புதுப்பனி, மத்தியானம் குவியும் மேடு பள்ளம், எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி போதும் என்ற யோசனையில் செய்வது. ஐம்பதைத் தாண்டியவர் ஒரே ஒரு ஜோடி வாங்குவதென்றால் இந்த ரகமே சரி. ஆனால் இதற்குள்ளேயே நூறு தினுசு இருக்கிறதே!

முதலில் நீளம். ஸ்கீயை நிறுத்திப் பார்த்தால் முனை உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் போதும். தலைக்கு மேலே போகிற ஸ்கீ வேகப் பிரியர்களுக்கு. அடுத்தது, கால் நிற்கிற இடத்தின் அகலம். இதை 'இடுப்பு' என்பார்கள். ஆல்-மவுன்டன் ரகத்தில் ஏறக்குறைய 80 முதல் 100 மி.மீ. வரை கிடைக்கிறது. அகலம் கூடினால் புதுப்பனியில் மிதக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் பெரும்பாலும் போவது கெட்டியான பாதையில். அங்கே அகலமான ஸ்கீயின் விளிம்பு பாதத்துக்கு அடியில் இல்லாமல் வெளியே தள்ளி நிற்கிறது. அதைப் பனியில் ஊன்றிச் சாய்க்கிற ஒவ்வொரு தடவையும் முழங்கால்தான் நெம்புகோல் மாதிரி முறுக்கத்தைத் தாங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை திருப்பம்? நூற்றுக்கணக்கில்! அதனால் 80லிருந்து 88க்குள் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

விறைப்பும் முக்கியம். உள்ளே இரண்டு உலோகத் தகடு வைத்த ஸ்கீயைக் கடைக்காரர் ஆசையாகக் காட்டுவார். வேகத்தில் ஆடாது, அசையாது. ஆனால் அதை வளைக்க எடையும் வேகமும் வேணும். நிதானமாக இறங்குகிறவருக்கு அது இரும்புக் கம்பி மாதிரி. மரமே பிரதானமாக உள்ள, எடை குறைந்த, முனை கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் இருக்கும் ஸ்கீயைக் கேளுங்கள். அது திருப்பத்துக்குள் சுலபமாக நுழையும். வால் பகுதி ரொம்ப முரடாக இருக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எதுவானாலும் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஒரு நாளாவது ஓட்டிப் பாருங்க. காலையில் நன்றாக இருப்பது முக்கியமில்லை. மத்தியானம் மூணு மணிக்குத் தொடை நடுங்கும்போது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

உயிர்நாடி இந்த ஒரு எண்

ஸ்கீயைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட இதைக் கவனிக்க மாட்டார்கள். பூட்ஸையும் ஸ்கீயையும் பிணைக்கிற 'பைண்டிங்' இருக்கிறதே, அதன் முன்னாலும் பின்னாலும் சின்ன ஜன்னல் மாதிரி ஒன்று, அதில் ஒரு எண். 'டின்' எண் என்பார்கள். நீங்கள் விழும்போது எவ்வளவு விசை வந்தால் பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. அதிகமாக வைத்தால் ஸ்கீ கழலாது, கால் முறுக்கிக்கொள்ளும். குறைவாக வைத்தாலோ, சும்மா போகும்போதே கழன்று உங்களைத் தூக்கி எறியும்.

இந்த எண்ணைக் கணக்கிட உலக அளவில் ஒரு அட்டவணை உண்டு. எடை, உயரம், பூட்ஸ் அடியின் நீளம், எப்படிப்பட்ட சறுக்காளர், வயது, இந்த ஐந்தும் அதற்கு வேணும். ஐம்பது வயது நிறைந்துவிட்டால் அட்டவணையில் ஒரு வரிசை இறங்க வேண்டும். எண் ஏறக்குறைய ஒன்று குறையும். காரணம், வயதாக ஆக எலும்பின் வலு குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் வைத்த அதே எண்ணோடு ஐம்பத்தைந்தில் சறுக்குகிறவர்களிடம் கேட்டால், 'நல்லாத்தானே ஓடுது!' என்பார்கள். விழாதவரை எல்லாம் நல்லாத்தான் ஓடும்.

கடையில் ஒரு படிவம் தருவார்கள். பெண்கள் எடையில் ஐந்து கிலோவைக் குறைப்பதும், ஆண்கள் 'நான் வேகமாக இறங்குகிறவன்' என்ற கட்டத்தில் டிக் அடிப்பதும் உலகம் பூரா நடக்கிற கூத்து. இரண்டுமே ஆபத்து. முதல் பொய்யால் ஸ்கீ அநாவசியமாகக் கழலும். இரண்டாவது பொய்யால் கழலவே கழலாது. சறுக்காளரை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜாக்கிரதையானவர், நடுத்தரம், வேகக்காரர். நீங்கள் முதல் வகை என்று சொல்வதில் வெட்கம் என்ன வந்தது?

எண்ணை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நீங்களே திருகிக்கொள்ள வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை கடையில் கொடுத்து, கருவியில் வைத்து உண்மையிலேயே அந்த விசையில் கழலுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. தூசியும் துருவும் ஏறினால் எண் ஒன்று சொல்லும், ஸ்பிரிங் வேறு சொல்லும். புது பூட்ஸ் வாங்கினாலும் இந்தச் சோதனை அவசியம். நடப்பதற்கு வசதியாக ரப்பர் வளைவோடு வருகிற 'கிரிப்வாக்' அடிப்பாகம் எல்லா பைண்டிங்கிலும் பொருந்தாது.

ஸ்கீ கழன்றுவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், சுகர்புஷ் மலையில், 1972லிருந்து காயங்களைக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். பைண்டிங் முன்னேற முன்னேற, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. முழங்காலுக்குள் இருக்கும் 'ஏ.சி.எல்.' என்ற தசைநார் அறுவது அப்படிக் குறையவில்லை! காரணம், ஸ்கீயின் வால். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாற்போல விழும்போது, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பனியில் குத்தி, இன்னொரு பாதம் மாதிரி முழங்காலை முறுக்குகிறது. பைண்டிங்குக்கு அது தெரியாது. வால் முரடாக வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

அதே ஆய்வாளர்கள் ஸ்கீ மையங்களின் ஊழியர்களுக்கு, காயம் எப்படி நேர்கிறது என்று வீடியோ காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கடுமையான முழங்கால் காயம் பாதிக்கு மேல் குறைந்ததாக 1995ல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது ரொம்ப எளிமை. கைகளை முன்னால் வையுங்கள். பாதங்களைச் சேர்த்து வையுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் காலை விறைப்பாக நீட்டாமல் மடக்கியே வைத்து விழுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்கப் பார்க்காதீர்கள். நின்ற பிறகு எழுந்தால் போதும், யாரும் சிரிக்க மாட்டார்கள்!

மொண்ணை விளிம்பு பாதுகாப்பா?

'விளிம்பைத் தீட்டினால் வேகம் கூடிடும், மொண்ணையாவே இருக்கட்டும்' என்று நினைக்கிறவர்கள் உண்டு. தப்பு. காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் மொண்ணை விளிம்பு பிடிக்காது. வழுக்கும். அதைத் தடுக்கத் தொடை தசை இரண்டு மடங்கு உழைக்கும். பத்து மணிக்கே கால் ஓய்ந்துவிடும். சமையலறைக் கத்தி மாதிரிதான். மொண்ணைக் கத்தியில்தானே விரல் வெட்டிக்கொள்கிறோம்?

விளிம்பில் நகத்தை லேசாகக் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். நகம் சீவினாற்போல் வெள்ளைத் துகள் வந்தால் கூர்மை இருக்கிறது. தீட்டக் கொடுக்கும்போது, 'அடிப்பக்கம் ஒரு டிகிரி, பக்கவாட்டில் இரண்டு டிகிரி' என்று சொல்லுங்கள். சாதாரணமாகச் சறுக்குகிறவருக்கு இது நல்ல சமரசம். பனியைப் பிடிக்கும், ஆனால் சட்டென்று கடித்து இழுக்காது. முனையிலும் வாலிலும் சில செ.மீ. தூரத்துக்குக் கூர்மையைக் கொஞ்சம் மழுங்கவைத்தால் ஸ்கீ தானாக உள்ளே இழுத்துக்கொள்ளாது.

இன்னொரு சோதனை. இரும்பு ஸ்கேலை ஸ்கீயின் அடிப்பாகத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே மட்டும் வெளிச்சம் தெரிந்தால், அடிப்பாகம் தேய்ந்து விளிம்புகள் உயர்ந்து நிற்கின்றன என்று அர்த்தம். தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி, திருப்பினாலும் திரும்பாது. 'எனக்கு வயசாயிடுச்சு, திருப்ப முடியலை' என்று வருத்தப்படுகிற சிலருக்குக் கோளாறு வயதில் இல்லை, இங்கேதான்! கடையில் இயந்திரத்தில் தேய்த்துச் சமன்செய்து தருவார்கள்.

மெழுகு போடுவது வேகத்துக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். வசந்த காலத்து ஈரப்பனியில் மெழுகில்லாத ஸ்கீ திடீரென்று பிரேக் போடும், உடம்பு முன்னால் போய்விடும். அடிப்பாகம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தால் மெழுகு தீர்ந்துவிட்டது. வீட்டில் போடுவதென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து புகை வந்தால் சூடு அதிகம். ஃப்ளோரின் கலந்த பழைய மெழுகுக் கட்டி அலமாரியில் கிடந்தால் தொடாதீர்கள். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். சர்வதேசப் போட்டிகளிலேயே அதை 2023-24 பருவத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள்.

பருவம் முடிந்ததும் ஸ்கீயைத் துடைத்து, விளிம்பில் ஈரம் இல்லாமல் காயவைத்து, மெழுகைக் கொஞ்சம் கெட்டியாகத் தடவிச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். துரு அண்டாது. நிலவறையில் வெறும் சிமென்ட் தரையில் நிறுத்தாமல், ஈரமில்லாத சுவரில் மாட்டுங்கள். பைண்டிங் சோதித்த தேதியையும் அன்றைய உங்கள் எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஸ்கீப் பைக்குள் போட்டு வையுங்கள். அடுத்த டிசம்பரில் கடைக்காரர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.