ஏவலோ, வியங்கோளோ?
கப்பற் பயண மிகைப்பதிவு பற்றிய ஒரு விளக்கம்

கடல் கடந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களிற் குடியேறிய எம்மவரின் முன்னோரும் கடல் வழியாகவே இந்நாடு புகுந்தனர். 1914ஆம் ஆண்டிலே தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவை, 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துச் சூறாவளியிலே தனுஷ்கோடி அழியும் வரையும், பெட்டியும் படுக்கையும் சுமந்த எத்துணையோ குடும்பங்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஏற்றியிறக்கியது. அக்காலத்துக் கப்பற் பிரயாணம் தேவையின் பொருட்டு நிகழ்ந்தது. இன்றோ, உல்லாசத்தின் பொருட்டும் உறவினர் ஒன்றுகூடும் பொருட்டும் கப்பலேறுவோர் பலராயினர். 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களை நாடி வந்தமையை வாசகர்கள் அறிவர். புறநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர் பலர், தம் பெற்றோரைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து, அங்கிருந்து கப்பலேற்றி மகிழ்விப்பதும் வழக்கமாகி வருகின்றது.

இத்தகைய பயணங்களில் நேரக்கூடிய ஓர் இடர்ப்பாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பணங் கட்டி, அறை பதிவு செய்து, நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வேளையிலே, "கப்பலில் அளவுக்கு மிஞ்சிய பதிவு ஏற்பட்டுவிட்டது, வேறொரு திகதியையோ வேறோர் அறையையோ ஏற்றுக்கொள்ளலாமா?" என்று கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வரும். அக்கடிதத்தை எங்ஙனம் வாசிப்பது? எங்ஙனம் விடை பகர்வது? இதனை அறியாமையால் எம் குடும்பம் ஒரு முறை பெரியதோர் இழப்பை எய்தியது. அதனை முதலிற் கூறுதல் பொருத்தமுடைத்து.

2018ஆம் ஆண்டில், இலண்டனில் வாழும் எம் தமையனாரும் கனடாவில் வாழும் எம் தமக்கையாரும், கண்டியிலே எம்முடன் இருந்த தாயாரையும் எம்மையும் சிங்கப்பூருக்கு அழைத்து, அங்கிருந்து நான்கு இராப் பயணமாக ஓர் உல்லாசக் கப்பலிற் செல்ல ஏற்பாடு செய்தனர். மக்கள் மூவரும் பேரப்பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழ்க் கூடிப் பதினோராண்டுகள் கழிந்திருந்தன. தாயாருக்கு அப்பொழுது எழுபத்தாறு வயது. ஓகஸ்ட் மாதத்துப் பயணத்திற்கு மூன்று அறைகள் பத்து மாதங்களுக்கு முன்னரே பதிவாயின. புறப்பட ஏழு வாரங்கள் இருக்கையில் மேற்கூறியவாறான மின்னஞ்சல் வந்தது. ஒக்ரோபர் மாதத்துப் பயணத்துக்கு மாறினாற் கட்டணத்தில் அரைப்பங்கு கப்பலிற் செலவிடத்தக்க வரவாகக் கிடைக்கும் என்றும், மூன்று நாளுள் மறுமொழி வேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது. பதிவு தமையனார் பெயரில் இருந்தபோதிலும், அவர் அதனை எமக்கு அனுப்பி, "நீர் மொழி படித்தவர், இதன் கருத்து என்ன?" என்று வினவினார். "மாறத்தான் வேண்டும் போலும், கிடைப்பதைப் பெற்றுக்கொள்வோம்" என்று யாம் எழுதினோம். அங்கே பிழைத்தோம்.

அதன் காரணத்தை உணர்தற்கு, மிகைப்பதிவு என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். கண்டி வாசிகளுக்கு இதனை விளக்குதல் எளிது. எசல பெரகராக் காலத்திலே இந்நகரின் விடுதிகளில் ஓர் அறையேனும் கிடைத்தலரிது. பத்து அறையுள்ள விடுதிக்காரர் ஒருவர், "சொன்னவர்களுள் இருவர் ஆண்டுதோறும் வராது விடுகின்றனர்" என்று கண்டு, பன்னிருவருக்கு வாக்களிக்கின்றார் எனக் கொள்வோம். இருவர் வாராதொழியின் அவர் கணக்குச் சரி. பன்னிருவரும் பெட்டியுடன் வந்து நிற்பின், இருவர் தெருவில் நிற்க நேரிடும். இல்லாத இரண்டு அறைகளை விற்றமையே மிகைப்பதிவு ஆகும்.

கப்பற் கம்பனிகள் செய்வதும் இதனையே. உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலும் முன்பணம் மட்டும் செலுத்தி அறையைப் பதியலாம். முழுப்பணத்தையும் செலுத்தவேண்டிய தவணை, புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே வருவது. அத்தவணை வரையும் பலர் சிறிதளவு நட்டத்துடனோ நட்டமின்றியோ விலகிக்கொள்ளலாம். ஆகவே, நூறு அறைகளிற் பத்து எப்படியும் திரும்பி வரும் என்று கருதும் கம்பனி, நூற்றெட்டுப் பதிவுகளை ஏற்கின்றது. அவ்வாண்டு ஐவரே விலகினால், நூறு அறைகளுக்கு நூற்று மூன்று பதிவுகள் எஞ்சும். அன்றியும், அறையின் இலக்கத்தைக் குறிப்பிடாது, "இன்ன வகுப்பில் ஓர் அறை உறுதி" என்று மட்டும் கூறி மலிந்த விலைக்கு விற்கும் முறையும் உண்டு. மாற்றங்களுக்கு இத்தகைய பதிவுகளே பெரிதும் இடங்கொடுப்பன.

கப்பலுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. எமது ஊர்ப் பஸ் வண்டியிலே ஆசனம் நிறைந்தபின்னரும் நின்று செல்லலாம். கப்பலில் அது நடவாது. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபொழுது, அதிலிருந்தோர் அனைவருக்கும் போதிய உயிர்காப்புப் படகுகள் இருக்கவில்லை. அப்பேரிழப்பின் பயனாகவே 1914ஆம் ஆண்டில் கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய முதலாவது சர்வதேச உடன்படிக்கை எழுந்தது. 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை இன்று வழங்குவது. ஒவ்வொரு பிரயாணிக் கப்பலும் எத்தனை பேரை ஏற்றலாம் என்பது அதன் பாதுகாப்புச் சான்றிதழில் வரையறுக்கப்படும். ஒரு வயது நிறைந்த குழந்தையும் அத்தொகையில் ஓராளே.

இதனால் விந்தையான ஒரு நிலை தோன்றும். எடுத்துக்காட்டாக, ஆயிரம் அறைகளும் 2,400 பிரயாணிகளுக்கு அனுமதியும் உடைய கப்பலொன்றைக் கருதுக. பாடசாலை விடுமுறைக் காலத்திலே 400 அறைகளில் நால்வர் நால்வராகக் குடும்பங்கள் பதிந்தால், 1,600 பேர் ஆயினர். எஞ்சிய 800 பேர் இருவர் இருவராக 400 அறைகளை நிரப்புவர். இருநூறு அறைகள் வெறுமையாய்க் கிடக்கவும் கப்பல் நிறைந்துவிடும். "அறை இருக்கிறதே, ஏன் இடமில்லை?" என்று வினவுவோர்க்கு விடை இதுவே. விடுமுறைக் காலப் பயணங்களில் இத்தொல்லை மிகுவதன் காரணமும் இதுவாம்.

இந்நிலையிற் கம்பனி எடுக்கும் படிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, கீழ் வகுப்பிற் பதிந்தோர் சிலரை மேல் வகுப்பு அறைக்கு உயர்த்துதல். இது நன்மை போலத் தோன்றினும், அடுத்தடுத்து இருக்கவேண்டிய குடும்பத்தினரைப் பிரித்துவிடலாம். மின்தூக்கிக்கு அண்மையில் அறை வேண்டிய முதியவரைக் கப்பலின் மறுகோடிக்குக் கொண்டுபோகலாம். இரண்டாவது, வேறு திகதிக்கோ வேறு கப்பலுக்கோ மாறுமாறு கேட்டு, அதற்கு ஈடாக உயர்ந்த அறையோ கப்பலிற் செலவிடத்தக்க வரவோ தருதல். மூன்றாவது, பணம் முழுவதையும் மீளத் தந்து, எதிர்காலப் பயணத்திற் கழிவும் தந்து விலகச் செய்தல். போதியவர் உடன்படாவிடத்து இவ்வீடுகளை உயர்த்திக் கேட்பதும் உண்டு.

"போதியவர் உடன்படாவிடத்து" என்னும் இத்தொடர் கருதத்தக்கது. விருப்பமுள்ளோரை முதலிற் கேட்டல் என்னும் இந்நெறி விமானப் பயணத்திலே போராடிப் பெறப்பட்டதாகும். 1972ஆம் ஆண்டில், அமெரிக்கப் பொதுநலப் போராளியாகிய ரால்ஃப் நேடர் என்பார், உறுதிசெய்த பதிவு இருந்தும் விமானத்தில் இடம் மறுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை சென்றது. மிகைப்பதிவு செய்யும் வழக்கத்தை மறைத்து விற்றமைக்காகப் பிரயாணி ஒருவர் பொதுச் சட்டத்தின் கீழ் வழக்காடலாம் என்று 1976ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்த்தது. இதற்கு முன்னரே, 1968ஆம் ஆண்டில், ஜூலியன் சைமன் என்னும் பொருளியலறிஞர் எளியதொரு வழி கூறியிருந்தார். இடம் போதாவிடின், எவ்வளவு பணம் தந்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கச் சம்மதம் என்று ஒவ்வொரு பிரயாணியும் எழுதிக் கொடுக்க, மிகக் குறைந்த தொகை கேட்டவர்க்கே அதனைக் கொடுத்து இறக்குக என்பது அவர் கருத்து. முதலில் நகைத்துத் தள்ளப்பட்ட இக்கருத்தின் சாரம், ஆல்பிரெட் கான் என்னும் பொருளியலறிஞர் சிவில் விமானச் சபைக்குத் தலைவராயிருந்த 1978ஆம் ஆண்டில் அமெரிக்க விதியாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் இயற்றிய விதியும், முதலில் விருப்பமுள்ளோரைக் கேட்குமாறு பணித்து, விருப்பமின்றி இறக்கப்படுவோர்க்குத் தூரத்துக்கு ஏற்ப 250, 400, 600 யூரோ நட்டஈடு வகுத்தது. இந்நெறி வழுவினால் விளைவது யாது என்பதை 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சிக்காகோ விமான நிலையத்தில் உலகம் கண்டது. தன் ஊழியர் நால்வருக்கு இடம் வேண்டிய கம்பனி 800 டொலர் வரை தருவதாகக் கூறியும் ஒருவரும் எழாராக, ஆசனத்தில் அமர்ந்திருந்த முதிய வைத்தியர் ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டார். பின்னர் அக்கம்பனி, விருப்புடன் இடம் விடுவோர்க்கு 10,000 டொலர் வரை வழங்கலாம் என விதி செய்தது. கேட்டுப் பெறவேண்டியதைப் பறித்துப் பெற முயன்றமையின் விலை அஃது.

உல்லாசக் கப்பல்களுக்கு இத்துணைத் தெளிவான நட்டஈட்டு அட்டவணை இல்லை. பயணச்சீட்டுடன் வரும் நீண்ட ஒப்பந்தமே பெரும்பாலும் ஆள்வது. அதில் அறையை மாற்றும் உரிமையைக் கம்பனி தனக்கு வைத்துக்கொள்வது வழக்கம். எனினும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முழுப் பயணத் தொகுப்பாக வாங்கியோர்க்கு 2015ஆம் ஆண்டுப் பணிப்புரை துணையாகும். பயணத்தின் முக்கிய அம்சம் பெரிதும் மாற்றப்படின், தண்டமின்றி விலகிப் பணத்தை மீளப் பெறலாம். பிரித்தானியாவிலும் 2018ஆம் ஆண்டு தொடக்கம் இத்தகைய விதிகள் உள. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை உண்டு. ஆகவே, எந்நாட்டிலே, எவரிடம், யார் பெயரிற் பதிந்தோம் என்பதை முதலிலேயே குறித்துவைத்தல் நன்று.

இனி, அக்கடிதம் வந்தவிடத்துச் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, அது கேட்கின்றதா, அறிவிக்கின்றதா என்று நோக்குக. இலக்கணம் பயில்வோர் ஏவலையும் வியங்கோளையும் வேறுபடுத்துவர். ஏவல் கட்டளை, வியங்கோள் வேண்டுகோளையும் குறிக்கும். "மாற விரும்பின் அறிவிக்க" என்பது வேண்டுகோள். அதற்கு "விரும்பவில்லை" என்பதும் முறையான விடையே. மறுமொழி கொடாதவிடத்து நேர்வது யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வேண்டுகோள் நிலை நீடிக்கும் வரையும் பேரம் பேசும் வலிமை பிரயாணியின் கையில் உளது.

இரண்டாவது, முழுச் செலவையும் கணக்கிடுக. கம்பனி கப்பற் கட்டணத்தை மட்டும் பேசும். கொழும்பிலிருந்து செல்லும் விமானச்சீட்டு, இடைத்தங்கல், விசா, காப்புறுதி, எடுத்த விடுமுறை ஆகியன அதன் கணக்கில் வாரா. இவற்றுக்கும் ஈடு தருமாறு கேட்கலாம். கேளாதார்க்கு எவரும் கொடார்.

மூன்றாவது, பணமும் வரவும் ஒன்றல்ல என்பதை மறவற்க. எதிர்காலப் பயணக் கழிவுக்குக் காலவரையறை இருக்கும். பிறர்க்கு மாற்றவியலாததாயும் இருக்கலாம். முதியோர்க்கு அடுத்த ஆண்டு என்பது உறுதியான நாணயமன்று.

நான்காவது, ஒரு குழுவாகச் செல்வோர் தம் பதிவுகள் யாவும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று உசாவுக. ஏற்பதாயின் அனைவர்க்கும் ஒரே நாளிலேயே மாற்றம் வேண்டும் என்று நிபந்தனை இடுக. வாய்மொழியை நம்பாது, அறையின் இலக்கம், திகதி, ஈட்டுத்தொகை யாவற்றையும் எழுத்திற் பெறுக.

ஐந்தாவது, இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, எதற்காகச் செல்கின்றோம் என்று உள்ளத்தை வினவுக. கடலைக் காணச் செல்வோர்க்கு ஒக்ரோபரும் ஓகஸ்டும் ஒன்றே. அன்னார் மாற்றத்தை ஏற்று இலாபம் பெறலாம், அதில் இழுக்கில்லை. உறவைக் காணச் செல்வோர்க்கோ திகதியே பயணம்.

எம் குடும்பம் இவற்றுள் ஒன்றையும் செய்திலது. தமையனார் ஒக்ரோபருக்கு உடன்பட்டார். பின்னரே தமக்கையாரின் பிள்ளைகளுக்கு அப்பொழுது பாடசாலை நடைபெறும் என்பது நினைவில் எழுந்தது. கொழும்பு விமானச்சீட்டுகளின் பணமும் மீளவில்லை. அரைப்பங்கு வரவு கையில் இருந்தது. தமக்கையாரின் குடும்பம் வரவில்லை. கப்பலின் மேற்றளத்திலே, விளக்கொளியும் இசையும் சூழ இருந்த தாயார், "தம்பி, கப்பலைப் பார்க்கவா வந்தனான்?" என்று மட்டும் கேட்டார். அதன் பின் மக்கள் மூவரையும் ஒருங்கே காணும் வாய்ப்பு அன்னாருக்கு எய்தவில்லை.

அக்கடிதத்தை யாம் பின்னர்ப் பன்முறை வாசித்தோம். அதில் ஓர் ஏவலும் இருக்கவில்லை. "வேண்டாம்" என்று ஒரு சொல் எழுதியிருப்பின், பெரும்பாலும் பதிவு பதிந்தவாறே நின்றிருக்கும். இருபதாண்டுகளாக வகுப்பிலே வியங்கோளைக் கற்பித்த யாம், வாழ்விலே அஃது எதிர்வந்தபொழுது ஏவலென மயங்கினோம்.

இவ்விழா மலரை வாசிக்கும் பழைய மாணவருள், அடுத்த விடுமுறைக்குப் பெற்றோரை அழைக்க எண்ணியிருப்போர் பலர் உளர். அன்னார்க்கு எம் விண்ணப்பம் ஒன்றே. அத்தகைய கடிதம் வரின், முதலில் ஊரிலுள்ள தாயையோ தந்தையையோ தொலைபேசியில் அழைத்து, அவர் விருப்பம் யாதெனக் கேட்டறிக. அதன்பின் கம்பனிக்கு விடை எழுதுக.