கட்டியை இப்போதே அகற்றுவதா, தொற்று தணியும்வரை காத்திருப்பதா?

2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்த புற்றுநோயாளிகளின் குடும்பங்களை வாட்டிய கேள்வி இது. பெருந்தொற்றுக் காலத்தில் அவசரப்பட்டாலும் ஆபத்து, தாமதித்தாலும் ஆபத்து.

முதலில், அறுவையின் ஆபத்து. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுவிடத் தொண்டை வழியாகக் குழாய் செலுத்தப்படுகிறது. இதனால் நுரையீரலுக்குச் சிரமம் கூடுகிறது. அறுவைக்குப் பின் சில நாள்களுக்கு நோய் எதிர்ப்பாற்றலும் குறைந்திருக்கும். கீமோதெரபி எடுத்தவர்களுக்கு வெள்ளை அணுக்கள் முன்பே குறைந்திருக்கலாம். அந்நேரத்தில் உடலில் கோவிட்-19 கிருமி இருந்தால் நிமோனியா எளிதில் தாக்கும். தடுப்பூசி வருவதற்கு முன், தொற்றுடன் பல்வகை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் அவசர அறுவைகள். 30 நாள்களுக்குள் 268 பேர் இறந்தனர். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் ஏற்பட்டது.

அப்படியானால் காத்திருக்கலாமா? புற்றுநோய் காத்திருப்பதில்லை. மார்பகம், பெருங்குடல் உள்ளிட்ட சில புற்றுநோய்களில் அறுவை 4 வாரம் தள்ளிப்போனால், இறப்பு அபாயம் முன்பிருந்ததைவிட 6 முதல் 8 விழுக்காடு கூடுவதாக 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கோவிட் நோயாளிகள் இல்லாத தனிப் பகுதியில் அறுவை செய்வதே அது. 55 நாடுகளில் 9,171 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தனிப் பகுதியில் நுரையீரல் சிக்கல் 2.2 விழுக்காடாகவும், மற்ற இடங்களில் 4.9 விழுக்காடாகவும் இருந்தது.

தொற்று கண்டவர்கள் 7 வாரம் கழித்து அறுவை செய்துகொண்டால் ஆபத்து குறைவு என்று 2021இல் இன்னோர் ஆய்வு கூறியது. ஆனால் வேகமாக வளரும் கட்டிக்கு அது நீண்ட காலம். ஆகவே முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும்.

நோயாளியின் குடும்பத்தார் செய்ய வேண்டியவை இவை. தோட்டத்திலிருந்து நகர மருத்துவமனைக்குப் போகப் பயந்து, தேதியைத் தாங்களாகவே ரத்து செய்யக்கூடாது. காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும். மருத்துவமனையே தேதியைத் தள்ளிவைத்தால் புதிய தேதி எப்போது, அதுவரை மாத்திரையோ வேறு சிகிச்சையோ உண்டா என்று கேட்க வேண்டும். புகைபிடிப்பவர் அன்றே நிறுத்துவது நல்லது.

பயத்தை மருத்துவரிடம் சொல்லலாம். பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.