இரண்டு டாலர்

வாக்காளருக்குப் பணம் கொடுத்து வாக்கை வாங்கும் கதை நமக்குப் புதிதல்ல. வாக்களிக்கப் போகிறவனே பணம் கட்டவேண்டும், கட்டினால்தான் சீட்டு, இல்லையேல் கதவடைப்பு என்றொரு கதை உண்டு. அது நடந்த நாடு, உலகத்துக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்கா. நடந்த இடம் அதன் தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலம். வரியோ ஆண்டுக்கு இரண்டு டாலர். "அதைக் கட்ட இயலாதவர்க்காக நான் கட்டுகிறேன்" என்று முன்வந்தார் ஒரு கடைக்காரர். அவரை வீட்டோடு வைத்துக் கொளுத்தினார்கள்.

அவர் பெயர் வெர்னன் டேமர். 1908-ம் ஆண்டு மார்ச் 10-ல், ஹாட்டீஸ்பர்க் என்ற ஊருக்கு அருகே கெல்லி குடியிருப்பில் பிறந்தவர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் உழைப்பு உயர்த்தியது. பருத்தி நிலம், மரம் அறுக்கும் ஆலை, மளிகைக் கடை என ஒவ்வொன்றாய்ச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், இசைக்குழுவை நடத்தினார். துணைவியார் எல்லி, பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் எண்மர், எழுவர் ஆண்கள், ஒருத்தி பெண்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் கருப்பு இனத்தவர். ஆனால் தோற்றத்தில் வெள்ளையர் என்றே சொல்லலாம். வேறு ஊருக்குப் போய் "நானும் வெள்ளையன்" என்று சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை. அப்படிப் போனவர்கள் பலர் உண்டு. டேமர் போகவில்லை. தன்னைப் பெற்ற மக்களோடு தங்கினார். தங்கியதற்கு விலையும் தந்தார்.

கடையிலே கூட்டம், ஆலையிலே ஓட்டம், வீட்டிலே நிறைவு. இதற்குமேல் என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? வாக்குரிமை வேண்டும் என்றார் டேமர்! அதைக் கேட்டுப் போன கருப்பு மக்களுக்கு அந்த மாவட்டத்துப் பதிவு அதிகாரி லூதர் காக்ஸ் தேர்வு வைத்தார். என்ன கேள்வி தெரியுமா? "ஒரு சவுக்காரக் கட்டியில் எத்தனை குமிழி?" நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, பதிவான செய்தி இது. விடை தெரியாதவன் வாக்காளனாகத் தகுதியற்றவன்! பட்டம் பெற்ற கருப்பு ஆசிரியரும் இதே வாசலில் திரும்பினார். கையெழுத்துக்கே திணறும் வெள்ளையர் உள்ளே போனார்.

டேமர் நீதிமன்றத்துக்குப் போனார். என்.ஏ.ஏ.சி.பி. எனும் உரிமைச் சங்கத்துக்கு அந்த மாவட்டத்தில் தலைமை தாங்கினார். 1962-ல் வாக்காளர்களைத் திரட்ட வந்த இளைஞர் இருவருக்குத் தம் நிலத்திலேயே இடமளித்து, ஆலையில் வேலையும் கொடுத்தார். உண்ணச் சோறும் செலவுக்குக் கூலியும் தந்து போராளிகளை வளர்த்த முதலாளி அவர்!

அவருடைய தோழர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளைட் கென்னார்ட் அவர் பெயர். கொரியப் போர்க்காலத்தில் வான்குடைப் படையில் பணியாற்றியவர். ஊர் திரும்பிக் கோழிப் பண்ணை வைத்தார். உள்ளூர்க் கல்லூரியில் படிக்க விண்ணப்பித்தார். அதுதான் அவர் செய்த பிழை! 25 டாலர் மதிப்புள்ள கோழித் தீவனத்தைத் திருடத் தூண்டினார் என்று 1960-ல் வழக்குப் புனைந்தார்கள். திருடியவனுக்குச் சிறை இல்லை. தூண்டியதாகச் சொல்லப்பட்டவருக்கு ஏழாண்டு! சிறையில் புற்றுநோய் அரித்தது. சாகும் நிலையில் வெளியே விட்டார்கள். 1963 ஜூலை 4, அமெரிக்காவின் விடுதலைத் திருநாள். அன்று கண்ணை மூடினார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 2006-ல். போருக்குப் போய் வந்தவருக்கு அந்த மண் தந்த பரிசு இது.

1965 ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. குமிழித் தேர்வுகள் ஒழிந்தன. ஆயினும் மாநிலத் தேர்தல்களுக்கு அந்த இரண்டு டாலர் வரி நீடித்தது. பருத்தி பொறுக்கும் கூலிக்காரனுக்கு இரண்டு டாலர் எளிதா? அதைக் கட்ட நகரத்து அலுவலகத்துக்குப் போய் முறைப்பையும் ஏச்சையும் வாங்கவேண்டுமே! 1966 ஜனவரி 9-ம் நாள் வானொலியில் டேமரின் அறிவிப்பு வந்தது: வரியை என் கடையிலேயே கட்டலாம், இல்லாதவர்க்கு நான் கட்டுகிறேன்.

அன்றிரவே வந்தார்கள். கு குளுக்ஸ் கிளான் வெறியர்கள் இரண்டு கார்களில் வந்து, வீட்டின்மீதும் கடையின்மீதும் பெட்ரோலை வீசித் தீ வைத்தார்கள், சுட்டார்கள். டேமர் துப்பாக்கியோடு தீக்கு நடுவே நின்று திருப்பிச் சுட்டார். தப்புவதற்கல்ல, மனைவியும் மக்களும் பின்பக்கச் சன்னல் வழியே வெளியேறும் வரை வெறியர்களை நிறுத்தி வைப்பதற்கு. குடும்பம் தப்பியது, பத்து வயது மகளுக்குத் தீக்காயம். நுரையீரல் வெந்த டேமர் ஜனவரி 10-ல் மருத்துவமனையில் மாண்டார். வயது 57.

அவருடைய மகன்கள் நால்வர் அப்போது அமெரிக்கப் படையில் பணியிலிருந்தார்கள். செய்தி கேட்டு வந்தார்கள். சீருடையோடு அவர்கள் தந்தையின் வீடு இருந்த இடத்தில், கரிக்கட்டைகளுக்கிடையே நிற்கும் படம் ஒன்று உண்டு. வேறு நாடுகளுக்குச் சுதந்திரம் காக்க அனுப்பப்பட்ட பிள்ளைகள்! தங்கள் தந்தைக்கு ஒரு வாக்குச்சீட்டைக் காக்க அந்த அரசால் முடியவில்லை.

கொளுத்த ஆணையிட்டவன் யார்? சாம் பவர்ஸ். அருகிலுள்ள லாரல் என்ற ஊர்க்காரன். காசு போட்டு இயக்கும் இயந்திரங்களை வைத்து வணிகம் செய்தவன். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவன். ஆம், அவனும் சிற்றூர் வணிகன்தான், அவனும் முன்னாள் படைவீரன்தான்! இந்தச் சொற்களைக் கேட்டதும் தலைதாழ்த்தி வணங்குவது உலக வழக்கம். நாம் வணங்குமுன் ஒன்று கேட்போம்: கடையில் சேர்ந்த காசும், படையில் கற்ற துணிவும் எதற்குப் பயன்பட்டன? ஒருவர் பிறருடைய வாக்குக்கு வரி கட்டினார். மற்றவன் அவர் வீட்டுக்குத் தீ அனுப்பினான்.

1968-ல் கொலையாளிகள் சிலர் தண்டனை பெற்றார்கள். ஆயுள் தண்டனை என்பது பத்தாண்டுகூட நீளவில்லை. பவர்ஸ்மீது பலமுறை வழக்கு நடந்தும் நடுவர்கள் ஒருமனப்படாததால் தப்பினான். எல்லி அம்மையாரும் பிள்ளைகளும் விடவில்லை. விசாரணை வேண்டும், மறுவிசாரணை வேண்டும் என்று கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1998 ஆகஸ்டில், கொலை நடந்து 32 ஆண்டுகளுக்குப்பின், பவர்ஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2006-ல் சிறையிலேயே செத்தான்.

அந்த இரண்டு டாலர் வரி என்ன ஆயிற்று? டேமர் மாண்டு மூன்று திங்கள்கூட ஆகவில்லை. 1966 மார்ச்சில், வாக்களிக்க வரி கேட்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020 ஜனவரியில் ஹாட்டீஸ்பர்க் நீதிமன்றத்தின் முன்னே டேமருக்குச் சிலை எழுப்பினார்கள். சவுக்காரக் குமிழியை எண்ணச் சொன்ன அந்த மாவட்டத்தின் நீதிமன்றம் அது. மாவட்டத்தின் பெயர் பாரஸ்ட். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதியும், கிளான் கூட்டத்தின் முதல் தலைவனுமான நேதன் பெட்போர்ட் பாரஸ்டின் பெயர். சிலை வைத்தவர்கள் அந்தப் பெயரை மாற்றவில்லை.