எடைக்குப் போடும் முன்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சிறு பட்டறை ஒன்று நான்காண்டுகள் பூட்டிக் கிடந்தது. தந்தை மறைந்தபின் மகன் கதவைத் திறந்தபோது சாக்குகளின் அடியில் ஓர் எச்.எம்.டி. லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கைந்து கை டிரில்கள் ஆகியவை கிடந்தன. பழைய இரும்பு வியாபாரி கிலோக் கணக்கில் விலை கூறிச் சென்றார். புதிய லேத் வாங்கக் கடன் கேட்டு எம் கிளைக்கு வந்த அந்த இளைஞர், பேச்சினிடையே தயக்கத்துடன் கேட்டார்: "அப்பா ஓட்டிய மெஷினை எடைக்குப் போட்டுவிடலாமா, சார்?"

பாசத்தை வைத்தோ, துருவைக் கண்டோ இதற்கு விடை சொல்லலாகாது. எச்.எம்.டி. நிறுவனம் 1953இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால லேத்கள் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் உருவானவை. அத்தகைய இயந்திரங்களின் வார்ப்பிரும்பு உடல் எளிதில் அழிவதில்லை. மோட்டார், பெல்ட், பேரிங், சுவிட்ச் எல்லாம் கடையில் கிடைப்பவை. ஆகவே கடையில் வாங்க இயலாத பாகத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

லேத்தில் அது பெட். வேலையின் பெரும்பகுதி சக்கின் அருகிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் மிகுதி. சக்கின் அருகே கேரேஜை நகர்த்த முடியுமளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு மறுமுனைக்குத் தள்ளிப் பாருங்கள். வழியில் சிக்கிக்கொண்டால் பெட் குழிந்திருக்கிறது. பெட்டைக் கிரைண்டிங் செய்து சமன்படுத்தலாம். ஆனால் இயந்திரத்தை முழுவதும் பிரித்து, ஏற்றி, இறக்கி, மீண்டும் பூட்டும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பல வேளைகளில் கணக்கு உதைக்கும். அடுத்ததாக ஸ்பிண்டிலின்மேல் டயல் கேஜை வைத்து, கட்டையால் நெம்பி அசைவைக் காணுங்கள். வார்ப்பில் விரிசல் இருப்பின் அதை ஒட்டவைத்து நம்புவது துணிச்சலன்று, அறியாமை.

கைப்பிடியைச் சுழற்றும்போது கால் சுற்று வெறுமனே ஓடினால் அஞ்ச வேண்டா; நட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மேற்பரப்புத் துருவும் அப்படியே.

கை டிரில்களுக்கு வேறு நியாயம். கார்பன் பிரஷ், வயர், சுவிட்ச் மாற்றினால் ஓடுமென்றால் மாற்றலாம். ஆர்மேச்சர் கருகியிருந்தால் விட்டுவிடுங்கள். காயில் கட்டும் கூலி புதியதன் விலையை நெருங்கிவிடும். உலோக உடல் கொண்ட பழைய கருவிகளில் எர்த் இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் சோதிக்காமல் பிளக்கில் செருகவே கூடாது.

இனி வங்கிக்காரன் கணக்கு. பழைய இரும்பு விலை, பழுதுச் செலவு, இயந்திரம் ஓடாத நாள்களின் இழப்பு ஆகிய மூன்றையும் எழுதிவைத்து, புதியதற்குச் செலுத்தவேண்டிய மாதத் தவணையோடு ஒப்பிட வேண்டும். பிரிக்கத் தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பாதி பிரித்தபின் வரும் மதிப்பீட்டை மறுக்க மனம் வராது. வருமானவரியில் நடப்புப் பழுதுச் செலவை அவ்வாண்டிலேயே கழிக்கலாம். புதிய இயந்திரத்தின் விலையோ பொதுவாக ஆண்டுக்கு 15 விழுக்காட்டுத் தேய்மானமாகவே கழியும். முழுப் புதுப்பிப்பு இவற்றில் எதில் சேரும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்க.

கடனுக்குத் தடையில்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் சிறுதொழிலுக்குப் பிணையின்றிக் கடன் தருகிறது. எனினும் வாங்கும் கடன் தேவையின் அளவில் இருப்பது நலம்.

இரண்டு வாரம் கழித்து அவ்விளைஞர் மீண்டும் வந்தார். பெட்டில் சிறு தேய்மானமே இருந்ததாம்; சாதாரணக் கடைசல் வேலைக்கு அது போதும். நுண்ணிய அளவு வேண்டும் வேலைகளை இப்போதைக்கு எடுப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தார். கை டிரில்கள் எடைக்குப் போய்விட்டன. திருத்திய விண்ணப்பத்தில் புதிய லேத் இல்லை. ஒரு மோட்டார், ஒரு செட் பேரிங், மின்பலகை, மூலப்பொருள் வாங்க நடைமுறை மூலதனம் ஆகியவை மட்டும் இருந்தன.