சர்பத்தில் தோய்த்த கம்பளி நூல்

எந்தச் சாயம் எந்த நூலில் ஏறும், எது முதல் அலசலிலேயே கழன்று ஓடும் என்பது மதுரை செல்லூரின் தறி வீடுகளில் தொழிலோடு சேர்ந்தே வரும் அறிவு. கோடையில் தள்ளுவண்டியிலும் பெட்டிக்கடையிலும் விற்கும் சர்பத்திலும் ரோஸ்மில்க்கிலும் கலர் பாட்டிலிலும் என்ன நிறம் கலந்திருக்கிறது என்பதை அரசு ஆய்வகம் கண்டறிவதும் அதே அறிவைக் கொண்டுதான். சோதனை தொடங்குவது ஒரு துண்டு வெள்ளைக் கம்பளி நூலில்.

கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களைப் போல மதுரையிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. மாதிரி வந்ததும் முதலில் அதைத் தயார்செய்ய வேண்டும். சோடா வகை என்றால் லேசாகச் சூடாக்கி வாயுவைப் போக்கிவிடுவார்கள். ரோஸ்மில்க் கொஞ்சம் சிரமம் கொடுக்கும். பாலின் புரதமே நிறத்தைப் பற்றிக்கொள்வதால், முதலில் பாலிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு திரவத்தில் சிறிது அமிலம் சேர்த்து, எண்ணெய்ப் பசை நீக்கிய கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள்.

கம்பளி ஒரு புரதம். அமிலத்தில் அதன் மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. உணவில் சேர்க்கும் செயற்கை நிறங்களில் பெரும்பாலானவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் பிணைந்துகொள்ள, நூல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறுகிறது. அந்த நூலைத் தண்ணீரில் நன்றாக அலசி, நீர்த்த அம்மோனியாவில் போட்டால் பிடிப்பு தளர்ந்து நிறம் வெளியேறும். அந்த நீரை மறுபடி அமிலமாக்கிப் புதிய நூல் ஒன்றைப் போடுவார்கள். செயற்கை நிறம் அதிலும் ஏறும். பழத்திலிருந்தோ பீட்ரூட்டிலிருந்தோ வந்த நிறம் பொதுவாக இந்த இரண்டாம் நூல்வரை வந்து சேராது. செல்லூர்த் தறியில் ஓடும் பருத்தி நூல் இந்த வேலைக்கு உதவாது. பருத்தி செல்லுலோஸ் என்பதால் இந்த நிறங்கள் அதில் நிலைப்பதில்லை.

நிறம் செயற்கை என்பது இத்துடன் தெரிந்துவிடும். ஆனால் எந்தச் செயற்கை நிறம்? டார்ட்ராசின் மஞ்சள்தான், மெட்டானில் மஞ்சளும் மஞ்சள்தான். இரண்டும் கம்பளியில் ஏறும். முன்னது அனுமதிக்கப்பட்டது, பின்னது தடைசெய்யப்பட்டது. வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி விட்டால் மெட்டானில் மஞ்சள் ஊதா கலந்த சிவப்பாகிவிடும். 'தண்ணீரில் கரைந்து நிறம் விட்டால் அது விஷம்' என்று கைபேசிகளில் சுற்றும் வீடியோக்களை நம்பக் கூடாது. அனுமதிக்கப்பட்ட நிறங்களும் தண்ணீரில் அப்படியேதான் கரையும்.

அடுத்த கட்டம் காகித வண்ணப்பிரிகை. நூலிலிருந்து எடுத்த நிறத்தை வடிதாளின் அடிப்பகுதியில் ஒரு புள்ளியாக வைத்து, அருகிலேயே பெயர் தெரிந்த நிறங்களையும் புள்ளிகளாக வைத்து, தாளின் விளிம்பைக் கரைப்பானில் நிறுத்துகிறார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற ஒவ்வொரு நிறமும் தன் இயல்புக்கேற்ற உயரத்தில் நிற்கும். ஒரே பச்சையாகத் தெரிந்த பானம் தாளில் மஞ்சளாகவும் நீலமாகவும் பிரிந்து, இரண்டு நிறங்களின் கலவை என்று காட்டிக்கொடுப்பதும் உண்டு. இந்த முறையை 1944இல் உருவாக்கிய கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் வேலை பார்த்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடத்தில்! கம்பளிப் புரதத்தின் கூறுகளைப் பிரித்தறியத் தேடிய வழி, இன்று சர்பத்தைச் சோதிக்கிறது. இந்த முறைக்கு அடிப்படையான பிரிகை ஆய்வுக்காக மார்ட்டினுக்கும் அவருடைய சக ஆய்வாளர் சிஞ்சுக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

அளவைச் சொல்வது நிறமாலை ஒளிமானி. ஒவ்வொரு நிறமும் ஒளியின் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மிகுதியாக விழுங்கும்: டார்ட்ராசின் ஏறத்தாழ 427 நானோமீட்டரில், பிரில்லியண்ட் புளூ 630இல். எவ்வளவு விழுங்குகிறது என்பதிலிருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடலாம். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை உணவு நிறங்கள் எட்டு. குடிக்கும் நிலையில் உள்ள பானத்தில் பொதுவான உச்சவரம்பு 100 பி.பி.எம்., அதாவது பத்து லிட்டருக்கு ஒரு கிராம். ஒரு தேக்கரண்டித் தூளின் எடையே அதைவிடப் பல மடங்கு. தராசு இல்லாமல் கண்ணளவில் கொட்டும் கடையில், அனுமதிக்கப்பட்ட நிறமே வரம்பைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. மக்கள் 'கெமிக்கல்' என்ற சொல்லுக்கு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது இந்த அளவில்லாத கைக்கும்தான்.

ரோடமின்-பி விஷயத்தில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. உணவில் அதற்கு அறவே அனுமதி கிடையாது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் இந்த ரோஜா நிறச் சாயம் பஞ்சுமிட்டாயில் இருப்பது ஆய்வில் உறுதியானதால்தான் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் அத்தகைய மிட்டாய்க்குத் தடை விதித்தன. மற்ற நிறங்களுக்கு மாறாக இது காரக் கரைசலில் கம்பளியில் ஏறி, அமிலத்தில் கழலும். புற ஊதா விளக்கின் கீழ் ஆரஞ்சாக ஒளிரும். ரோஸ்மில்க்குக்கும் சர்பத்துக்கும் அதே ரோஜா நிறம்தான் வேண்டியிருக்கிறது என்பதால், பானங்களிலும் இதைத் தேடுவது அவசியம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்காகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் இருப்பில், கடைக்காரர் கேட்டால் நான்காவது, அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு. அறிக்கை 14 நாளில் வர வேண்டும். அதை ஏற்காத கடைக்காரர் மேல்முறையீடு செய்யலாம். இருப்பில் உள்ள மாதிரி அப்போது மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். சிறு வியாபாரியின் பிழைப்பு ஒரு தாளில் அடங்கியிருக்கும்போது, இந்த இரண்டாம் வாய்ப்பு நியாயமானது.

குடிப்பவருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு கேட்கலாம். சோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிக்குப் புறம்பானது என்று தெரிந்தால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.