கழுத்துச் சுரப்பியும் மூளைக் கலக்கமும்



வேலியே பயிரை மேய்ந்தது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மனித உடலினுள்ளும் அத்தகைய நிகழ்ச்சி நேர்வதுண்டு. நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்காக அமைந்த தற்காப்பு ஆற்றல், சில வேளைகளில் தான் காக்க வேண்டிய உறுப்பையே பகையெனக் கருதித் தாக்குகிறது.

கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற் போன்று அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. 1912-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் வீங்கிய சுரப்பியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதனுள் வெள்ளணுக்கள் திரண்டிருக்கக் கண்டார். அதன் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1956-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், இந்நோயாளரின் குருதியில் அச்சுரப்பியையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். வேலி பயிரை மேயும் உண்மை அப்போதுதான் வெளிப்பட்டது.

அடுத்த பத்தாண்டில், 1966-இல், ஆங்கில நரம்பியல் அறிஞர் பிரெயின் பிரபு, தம் தோழர் இருவருடன் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரெயின் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூளை என்பதே பொருள். பெயர்ப் பொருத்தம் வியப்புக்குரியதன்றோ! ஹாஷிமோட்டோ நோயுற்ற ஒருவருக்கு மூளைக் கலக்கம் விட்டு விட்டு வந்ததை அக்கட்டுரை விளக்கிற்று. இவ்வரிய நோய் பின்னர் ஹாஷிமோட்டோ மூளை நோய் என வழங்கலாயிற்று.

இந்நோயில் மறதி, பேச்சுத் தடுமாற்றம், கைந்நடுக்கம், வலிப்பு ஆகியன தோன்றலாம். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுவதும் உண்டு. சிலர் உணர்விழந்து கிடப்பர். இவற்றைக் காண்போர் பித்து என்றே முடிவு கட்டிவிடக் கூடும். ஆயினும் ஸ்டீராய்டு மருந்து அளித்தவுடன் தெளிவு பெறுவோர் பலர். ஆதலின் காலங்கடத்தாது நோயைக் கண்டறிதல் இன்றியமையாதது.

கண்டறிவதோ எளிதன்று. தைராய்டு சுரப்பு இயல்பான அளவில் இருப்பவர்க்கும் இந்நோய் வரக்கூடும். மேற்கூறிய எதிர்ப்பொருள்களோ, நோயற்றவர் சிலருடைய குருதியிலும் காணப்படுகின்றன. அவையே மூளையைக் கெடுக்கின்றன என்பதும் இதுவரை நிறுவப்படவில்லை. இரண்டு பொருள்கள் சேர்ந்திருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. ஆகவே மூளைத் தொற்று முதலிய பிற நோய்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின்னரே மருத்துவர் இம்முடிவுக்கு வருகின்றனர்.

நேற்று வரை தெளிவாயிருந்த ஒருவர் இன்று திடீரெனப் பிதற்றுவாராயின், அவரைப் பித்தர் என ஒதுக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். கலங்கிய அறிவு மீண்டும் தெளிதல் கூடும்.